கல்லாப் பெட்டிக்கு மேலே ஒரு கொடி

கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடைகள், நெல்பேட்டையின் தானியக் கடைகள், தெற்காவணி மூல வீதியின் நகைக் கடைகள் என்று மதுரையின் கடைவீதிகளை ஒரு சுற்று சுற்றி வந்தால் வியாபாரம் கடைக்குக் கடை மாறும். ஆனால் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு லட்சுமி படம், ஓர் ஊதுபத்தி ஸ்டாண்டு, ஒரு பாட்டில் தண்ணீரில் மணி பிளாண்ட் என்ற மூன்றும் பல கடைகளில் ஒன்றுபோல இருக்கும். பாட்டில் பெரும்பாலும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அல்லது ஜாம் பாட்டிலாக இருக்கும். கொடி ஆணியைப் பிடித்து, டியூப் லைட் பட்டியைச் சுற்றி, காலண்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

இந்தச் செடி செல்வத்தைக் கொண்டுவருமா என்ற வாதத்தில் நாம் இறங்கப் போவதில்லை. அது அவரவர் நம்பிக்கை. நாம் சொல்ல வந்தது இரண்டே செய்திகள். கவனித்து வளர்த்தால் செலவே இல்லாமல் ஒன்று பத்தாகும் செடி இது. கவனிக்காமல் விட்டால் அதே பாட்டில் டெங்குக் கொசுவின் தொட்டிலாகிவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது வாரத்திற்கு ஐந்து நிமிட வேலை. அந்த வேலையையும், செடியைப் பெருக்கும் முறையையும் நம் வணிக அன்பர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எங்கிருந்தோ வந்த கொடி

மணி பிளாண்ட்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மொரேயா என்ற சிறிய தீவு. 1880-ல் லிண்டன், ஆந்த்ரே ஆகிய இருவர் இதற்குப் ‘பொத்தோஸ் ஆரியஸ்’ என்று தாவரவியல் பெயர் வைத்தார்கள். பின்னர் பெயர் மாறி, 1964 முதல் ‘எபிபிரெம்னம் ஆரியம்’ என்று வழங்குகிறது. ஆரியம் என்ற லத்தீன் சொல்லுக்குப் பொன்னிறம் என்று பொருள். இலையில் தங்கப் பொடி தெளித்தது போல் இருக்கும் மஞ்சள் புள்ளிகளால் வந்த பெயர். சீனத்தில் இதைத் ‘தங்கக் கொடி’ என்ற பொருளிலும் அழைக்கிறார்கள். இந்தோனேசியாவில் ‘சிரி காடிங்’ என்கிறார்கள். தந்த நிற வெற்றிலை என்று அதற்குப் பொருள். வெற்றிலையைப் போலவே தோன்றும் இலையைப் பார்த்தால் அந்தப் பெயர் நமக்கும் பொருத்தமாகவே படும்.

ஆனால் வெற்றிலைக்கும் இதற்கும் உறவு இல்லை. வெற்றிலை மிளகுக் குடும்பம். மணி பிளாண்ட் சேனைக்கிழங்கு, சேம்பு ஆகியவற்றின் குடும்பம். சேனையை நறுக்கும்போது கை அரிப்பதை அறிந்த நம் வியாபாரிகளுக்கு இந்த உறவு எதற்காகச் சொல்லப்படுகிறது என்பது பின்னால் புரியும்.

இந்தச் செடிக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. இது பூப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அரிது. பூக்கத் தூண்டும் ‘ஜிபரலின்’ என்ற வளர்ச்சிப் பொருள் இச்செடிக்குள் போதிய அளவு உருவாவதில்லை என்பதை 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூ இல்லை என்றால் காய் இல்லை, விதை இல்லை. அப்படியானால் மதுரைக் கடைகளில் இருக்கும் செடி எப்படி வந்தது? யாரோ ஒருவர் கொடியை வெட்டிக் கொடுத்தார். அவருக்கு இன்னொருவர் கொடுத்தார். கைமாறிக் கைமாறியே உலகம் முழுவதும் பரவிய செடி இது.

சோழவந்தான் கற்றுத் தரும் பாடம்

கொடியை வெட்டிப் பெருக்குவது நம் பகுதிக்குப் புதிய வித்தை அல்ல. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையைக் கொடிக்கால்காரர்கள் விதை போட்டு வளர்ப்பதில்லை. கணுக்களோடு கொடியை நறுக்கி, கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, அகத்தி மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் அப்படித்தான். இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தில் தண்டுக் குச்சிகளை வேர்விடச் செய்து, அந்த நாற்றுகளைத்தான் நம் பக்கத்து விவசாயிகள் வாங்கி வந்து நடுகிறார்கள்.

மணி பிளாண்ட்டுக்கும் இதே சூத்திரம்தான். வேர் கணுவிலிருந்து மட்டுமே வரும். கொடியில் இலைக்காம்பு சேரும் இடம் சற்றுப் பருத்து, பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முளை தெரியும். அதுதான் கணு. கணு இல்லாத தண்டை எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் அழுகும். வெறும் இலையை மட்டும் கிள்ளி வைத்தால் பல நாள் பச்சையாக இருக்குமே தவிர, புதுத் தளிர் விடாது. ‘வைத்தேன், வரவில்லை’ என்பவர்களில் பலர் தவறும் இடம் இதுதான்.

செய்முறை எளிது.

1. நோயில்லாத, தளதளப்பான கொடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டு அல்லது மூன்று கணுக்கள் உள்ள துண்டாக, அடிக் கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டுங்கள். பிளேடோ கத்தரிக்கோலோ சுத்தமாக இருக்கட்டும். மிளகாய் வற்றல் மூட்டை பிரித்த கத்தியை அப்படியே எடுக்க வேண்டாம்.

2. அடிக் கணுவில் உள்ள இலையைக் கிள்ளிவிடுங்கள். தண்ணீருக்குள் இலை மூழ்கினால் அழுகி நாறும்.

3. அடிக் கணு தண்ணீருக்குள்ளும், மேல் கணுவும் இலையும் வெளியிலும் இருக்கும்படி வையுங்கள். தலைகீழாக வைத்துவிடக் கூடாது.

4. வெட்டியவுடன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாறு சிலருக்கு அரிக்கும்.

நம் ஊர் வெப்பத்தில் இரண்டு வாரத்திற்குள் வெள்ளை வேர் தெரியும். ஒரு மாதத்தில் இரண்டு மூன்று அங்குலம் நீண்டுவிடும். மண்ணில் நட விரும்பினால் அதுவே சரியான பருவம். தண்ணீரிலேயே மாதக்கணக்கில் பழகிய வேர் மண்ணுக்கு மாறும்போது மிகவும் திணறும்.

தண்ணீரும் வெளிச்சமும்

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் ஒரு வாளியில் பிடித்து, மூடாமல் இரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் ஊற்றலாம். ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. பாட்டிலின் உட்புறம் வெள்ளை படிவதும், இலை நுனி பழுப்பாகக் கருகுவதும் உப்பின் அடையாளம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு இன்னும் கூடுதல். ‘வீணாகப் போகிறதே’ என்று அதை ஊற்ற வேண்டாம். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

அரிசி கழுவிய தண்ணீர், பால், சர்க்கரை, டீத்தூள் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பாட்டில் தண்ணீரில் இவற்றில் எதைப் போட்டாலும் புளித்து நாறும். எறும்பும் ஈயும் வரும். சத்து தர விரும்பினால் உரக் கடையில் கிடைக்கும், நீரில் கரையும் 19:19:19 உரத்தை ஒரு லிட்டருக்குக் கால் கிராம் அளவில் கரைத்து மாதம் ஒரு முறை ஊற்றினால் போதும். அளவு கூடினால் வேர் கருகும்.

கண்ணாடி பாட்டிலில் பாசி பிடிப்பதற்குக் காரணம் வெளிச்சம். பச்சை, பழுப்பு நிற பாட்டில்களில் பாசி குறைவு. தெளிந்த பாட்டிலாக இருந்தால் சுற்றி ஒரு காகிதமோ துணியோ கட்டிவிடலாம். நேர் வெயில் படும் இடத்தில் பாட்டிலை வைத்தால் தண்ணீர் சூடேறி வேர் வெந்துவிடும்.

வெயில் வேறு, வெளிச்சம் வேறு என்பதை மனதில் கொள்ள வேண்டும். மேற்குப் பார்த்த கடையின் வாசலில் சித்திரை, வைகாசி மாத வெயில் நேராக விழுந்தால் இலை வெளுத்துக் கருகும். அதே சமயம் நம் பழைய வீதிகளின் கடைகள் அகலம் குறைந்து நீளமாக உள்ளே போகின்றவை. உள்ளே போகப் போக இருட்டு. இருட்டில் செடி சாகாது. ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை சிறுத்து, தங்கப் புள்ளிகள் மறைந்து வெறும் பச்சையாகிவிடும். கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் எரியும் டியூப் லைட் அல்லது எல்.இ.டி. விளக்கின் அருகில் வைத்தால் ஓரளவு ஈடுகட்டும். இன்னும் எளிய வழி, இரண்டு பாட்டில் வைத்துக்கொள்வது. ஒன்று உள்ளே கல்லாவில், மற்றொன்று வெளிச்சம் உள்ள மாடிப்படியில். வாரம் ஒருமுறை இடம் மாற்றினால் இரண்டும் செழிப்பாக இருக்கும்.

கொடியைத் தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். மேலே ஏற்றிவிட்டால் பெருக்கும். தென்னையிலும் மாமரத்திலும் ஏறிய மணி பிளாண்ட்டின் இலை முறம் அளவுக்கு இருப்பதைப் பார்த்தவர்கள், அது வேறு செடி என்றே நினைப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

பாட்டிலில் பிறக்கும் கொசு

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீரைத் தேடித்தான் வரும். உடைந்த குடம், டயர், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜின் பின்புறத் தட்டு ஆகியவற்றோடு மணி பிளாண்ட் பாட்டிலும் அதற்கு ஏற்ற இடம். 2012-ல் தென் மாவட்டங்களிலும், 2017-ல் தமிழகம் முழுவதும் டெங்கு பரவி மக்கள் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க முடியாது.

இந்தக் கொசு பகலில் கடிப்பது. காலையிலும், மாலை இருட்டுவதற்கு முன்பும் அதன் வேகம் அதிகம். அதாவது நம் கடைகளில் வியாபாரம் சுறுசுறுப்பாக நடக்கும் நேரம். கடிபடுவோர் கடை ஊழியர்களும், சாமான் வாங்க வரும் தாய்மார்களும், அவர்கள் கையைப் பிடித்து வரும் குழந்தைகளும்தான். பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்தான் இது பெரும்பாலும் பறக்கும் என்பதால், ஒரு கடை பாட்டிலில் பிறந்த கொசு அடுத்த வீதியைவிட அடுத்த கடைக்காரரைத்தான் முதலில் கடிக்கும்.

நம் ஊர் வெப்பத்தில் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 8 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே 7 நாட்களுக்கு ஒருமுறை தண்ணீரை முழுவதுமாக மாற்றினால் கொசு பறப்பதற்கு முன்பே சங்கிலி அறுந்துவிடும். குறைந்த தண்ணீரை நிரப்புவது மாற்றுவது ஆகாது. பலர் செய்வது நிரப்புவது மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாட்டிலின் உட்புறத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கை நுழையாத பாட்டிலில் ஒரு பிடி கல் உப்பும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் சுவரில் ஒட்டியது பெயர்ந்து வரும். பிறகு இரண்டு முறை அலசிவிட வேண்டும். வேரையும் குழாயடியில் காட்டி அலசுவது நல்லது.

பாட்டில் வாயில், கொடியைச் சுற்றிப் பஞ்சோ வலைத்துணியோ இடைவெளி இல்லாமல் அடைத்துவிட்டால் கொசு உள்ளே போக வழி இல்லை. பொங்கலுக்கோ, குடும்பத்தோடு யாத்திரைக்கோ கடையை ஒரு வாரத்திற்கு மேல் பூட்டப் போகிறீர்கள் என்றால் செடியை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள்.

கொசு உற்பத்தியைத் தடுப்பது நம் சொந்த விருப்பத்தைச் சேர்ந்தது மட்டும் அல்ல. 1939-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு ஒழிப்புக்கு விதிகள் உண்டு. கொசுப் புழு இருக்கும் இடங்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் அபராதம் விதிக்கின்றன. சோதனைக்கு வரும் பணியாளர் நம் கடைக்குள் நுழைந்ததும் முதலில் தேடும் பொருள்களில் ஒன்று இந்த பாட்டில் என்பதை நினைவில் வைப்போம்.

மண்ணுக்கு மாற்றலாமா?

வாரா வாரம் தண்ணீர் மாற்ற முடியாது என்பவர்கள் தயங்காமல் மண் தொட்டிக்கு மாறிவிடலாம். தேங்கும் தண்ணீர் இல்லை என்றால் கொசுவுக்கு வேலை இல்லை. செடியும் தண்ணீரில் இருப்பதைவிட மண்ணில் செழிப்பாகவே வளரும்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணை மட்டும் போட்டால் நீர் வடியாமல் வேர் அழுகும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய எருவோ ஒரு பங்கு என்று கலந்தால் போதும். ஒரு கை வேப்பம் புண்ணாக்கு சேர்ப்பது நல்லது. தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். புதிதாக நட்ட முதல் இரண்டு வாரம் மண் ஈரமாகவே இருக்கட்டும். பிறகு விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் கொசுப் பிரச்சினை வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். தட்டில் மணலை நிரப்பிவிட்டால் கவலை இல்லை.

செடி சொல்லும் அடையாளங்கள்

அடி இலை ஒன்றிரண்டு அவ்வப்போது மஞ்சளாவது இயற்கை; கிள்ளிவிடலாம். பல இலைகள் ஒரே நேரத்தில் மஞ்சளானால் தண்ணீர் அதிகம், வேர் அழுகுகிறது என்று பொருள். வேரை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் நலம். கறுத்து, வழவழப்பாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல கணுவிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

இலை துவண்டு, மண் காய்ந்திருந்தால் தாகம். நுனி மட்டும் பழுப்பானால் உப்புத் தண்ணீர் அல்லது உரம் மிகுதி. இலையின் அடியிலும் கணு இடுக்கிலும் வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்தால் அடங்கும்.

மளிகைக் கடைச் செடிக்கு என்று தனியாக ஒரு தொல்லை உண்டு. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் மாவும் பறந்து இலையில் படியும்; அதன்மேல் சாம்பிராணிப் புகை படியும். தூசி படிந்த இலை வெளிச்சத்தை வாங்காது. வாரம் ஒருமுறை ஈரத் துணியால் ஒவ்வோர் இலையையும் துடைப்பது உரம் போடுவதைவிடப் பயன் தரும். பளபளப்புக்காக எண்ணெய் தடவ வேண்டாம். தூசி இன்னும் அதிகமாக ஒட்டும்.

சரக்குள்ள கடையில் கவனம்

அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு மேலே பாட்டிலைத் தொங்கவிடாதீர்கள். ஒரு நாள் சாய்ந்தால் ஒரு மூட்டை சரக்கு ஈரமாகிப் பூஞ்சை பிடிக்கும். எலக்ட்ரானிக் தராசுக்கும் மின்சார சுவிட்சுப் பலகைக்கும் மேலே வைப்பதும் கூடாது. செடியில் பூச்சி வந்தது என்று கடைக்குள் பூச்சி மருந்து அடிப்பதோ, உணவுப் பொருள் பக்கத்தில் மருந்து டப்பாவை வைப்பதோ வேண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும்.

முன்னே சொன்ன சேனை உறவு இங்கேதான் வருகிறது. மணி பிளாண்ட்டின் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. மென்றால் வாயும் நாக்கும் எரியும், வீங்கும். வெற்றிலை போலத் தோன்றுவதால் குழந்தைகள் வாயில் வைத்துவிட வாய்ப்பு அதிகம். வெற்றிலையும் விற்கும் கடைகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. குழந்தை மென்றுவிட்டால் வாயை நன்றாகக் கழுவி, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, வீக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். ஆடு, மாடு, பூனைக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நம்பிக்கைகளும் உண்மைகளும்

‘திருடி வைத்தால்தான் மணி பிளாண்ட் வளரும்’ என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. வியாபாரம் செய்யும் நாம் அதை ரசிக்க முடியாது! அடுத்த வீட்டில் செழித்த கொடி நம் ஊர்த் தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்கெனவே பழகியது. அதனால் அது நன்றாக வருகிறது. கேட்டு வாங்கினாலும் அதே போல வரும்.

தென்கிழக்கு மூலையில் வைக்க வேண்டும் என்பவர்கள் அப்படியே வைக்கட்டும். அந்த மூலையில் வெளிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். செடி வாடினால் வியாபாரம் வாடும் என்று மனம் கலங்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. செடி வாடினால் தண்ணீர், வெளிச்சம், உப்பு என்ற மூன்றில் ஏதோ ஒன்றில்தான் கோளாறு. கொள்முதலிலும் கடன் நிலுவையிலும் காரணம் தேட வேண்டிய நஷ்டத்தைச் செடியின் தலையில் ஏற்றுவது நமக்குத்தான் கேடு.

‘காற்றைச் சுத்தப்படுத்தும்’ என்று சொல்லி விற்பதும் இப்போது அதிகம். 1989-ல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் மூடிய சிறு பெட்டிகளில் சில செடிகளை வைத்துச் சோதித்தது உண்மை. அவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் 2019-ல் வெளியான ஒரு மறு ஆய்வின்படி, கதவு ஜன்னல் வழியாகக் காற்று வந்து போவதால் கிடைக்கும் பலனைச் செடிகளால் பெற வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும். பத்தடிக்குப் பத்தடிக் கடைக்குக் குறைந்த கணக்கிலேயே 90-க்கு மேல்! செடி கண்ணுக்குக் குளிர்ச்சி. காற்றுக்கு ஜன்னலைத் திறப்பதே வழி.

ஒன்று பத்தாகும் கணக்கு

இனி நமக்குப் பிடித்த கணக்குக்கு வருவோம். ஆறடிக் கொடி ஒன்று இருக்கிறது. கணுவுக்குக் கணு மூன்று அங்குலம் என்றால் மொத்தம் 24 கணுக்கள். தாய்ச்செடி மறுபடி தழைக்க அடியில் 4 கணுக்களை விட்டுவிட்டால் மீதி 20. இரண்டு கணு வீதம் வெட்டினால் 10 துண்டுகள். இரண்டு பழுதானாலும் 8 செடிகள் கைக்கு வரும். வெட்டிய தாய்ச்செடியும் பக்கத் தளிர் விட்டு அடர்த்தியாகும்.

இன்று கலியாண வீடுகளில் தாம்பூலப் பையோடு செடி கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. மஞ்சள், குங்குமம், பாக்கு, தேங்காய் என்று தாம்பூலச் சாமான் பட்டியலை நம் மளிகைக் கடைகளில்தான் கொடுக்கிறார்கள். அதே பட்டியலில் செடியையும் சேர்த்துக் கொடுக்க நம்மால் முடியும். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தங்கள் மிகுந்த மாதங்களுக்கு ஆறு வாரம் முன்பே துண்டு வெட்டி வைத்தால் சரியான நேரத்தில் செடி தயாராகும். மொட்டை மாடியில் நிழல்வலை கட்ட ஒரு மூலை இருந்தால் போதும்.

இதை முக்கிய வருமானமாக நம்பி யாரும் முதல் போட வேண்டாம். தொட்டி, மண் கலவை, ஆள் நேரம், பழுதாகும் செடி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து விலை வையுங்கள். உயிர்ச் செடிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதோடு சேர்த்து விற்கும் பிளாஸ்டிக், பீங்கான் தொட்டிக்கு உண்டு. பில் போடும் முறையை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது தண்ணீர் பாட்டிலாகக் கொடுக்காமல் மண் தொட்டியாகவே கொடுங்கள். ‘வாயில் வைக்கக் கூடாது, தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது’ என்று ஒரு சிறு சீட்டும் இணைத்தால் கடைக்கு நல்ல பெயர்.

வெட்டி எறிந்த கொடியை எங்கே போடுகிறோம் என்பதிலும் பொறுப்பு வேண்டும். கண்மாய்க் கரையிலோ, வாய்க்காலிலோ, அழகர்மலை அடிவாரத்திலோ எறிந்தால் கணு இருக்கும் துண்டு வேர் பிடித்துவிடும். இலங்கையில் கண்டி நகரை ஒட்டிய உடவத்தகலே காட்டில் இந்தக் கொடி 20 எக்டேருக்கு மேல் படர்ந்து, அங்குள்ள செடி கொடிகளை மூடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் அடக்கமாக இருக்கும் செடி காட்டுக்குள் அடங்குவதில்லை. வேண்டாத கொடியை வெயிலில் நன்றாகக் காயப்போட்டு, பிறகு குப்பையில் சேருங்கள்.

ஒரு நாள் குறித்துக்கொள்வோம்

ஆயுத பூஜைக்கு ஆண்டுக்கொரு முறை தராசையும் படிக்கல்லையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். இந்தச் செடிக்கு வாரத்தில் ஒரு நாள் அது போன்ற ஐந்து நிமிடம் தேவை. வெள்ளிக்கிழமை காலையில் கடை கழுவிச் சாம்பிராணி போடும் வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. அதே வெள்ளிக்கிழமையை மணி பிளாண்ட்டுக்கும் குறித்துக்கொண்டால் மறக்காது. தண்ணீரைக் கொட்டுவது, பாட்டிலைத் தேய்ப்பது, வேரை அலசுவது, இலையைத் துடைப்பது, புதுத் தண்ணீர் ஊற்றுவது. இந்த ஐந்து வேலையையும் கடையில் ஒருவர் பொறுப்பில் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு கடை மட்டும் செய்தால் பாதிப் பலன்தான். கொசுவுக்கு நம் கடைச் சுவர் எல்லை அல்ல. ஒரு வீதியில் இருக்கும் அத்தனை கடைகளும் ஒரே நாளில் பாட்டிலைக் கழுவினால் அந்த வாரம் அந்த வீதியில் மணி பிளாண்ட் பாட்டிலில் கொசு பிறக்காது. வீதிக்கு ஒருவர் முன்வந்து, வருகிற வெள்ளிக்கிழமையே பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாட்டில் இல்லாத கடையாக இருந்தால் இரண்டு கணுவோடு ஒரு துண்டைக் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.